கடனே வாங்காதவருக்கு நோட்டீஸ்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டு மக்கர் பண்ணினால், செய்த பட்டறைக்கே எடுத்துப் போய்ச் சண்டை போடலாம். நியாயம்தான், காசு கொடுத்து வாங்கியிருக்கிறோமே!

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பூட்டு, சாவி, பெட்டிகள் பலவற்றின் கதை வேறு. யாரோ சிலர் ஆபீஸ் முடிந்து வந்து, ராத்திரி கண்விழித்து எழுதி, ‘எடுத்துக்கோங்க’ என்று இலவசமாகக் கொடுத்தவை அவை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆண்ட்ராய்டு போனைத் தட்டுகிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

இவற்றில் பிழை கண்டால் (‘பக்’ என்பார்கள்) யார் வேண்டுமானாலும் புகார் எழுதலாம். எழுதுகிறவர்கள் நூறு பேர், சரிசெய்கிறவர் ஒருத்தர். பட்டியல் நீளாமல் என்ன செய்யும்? அதற்குத்தான் தானியங்கி நினைவூட்டல் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கிட்ஹப்பில் பிரபலமான ‘ஸ்டேல்’ என்ற புரோகிராம் ஒரு சாம்பிள். அதன் விதிகளை நாம் மாற்றாவிட்டால், 60 நாள் யாரும் பேசாத புகார் மேல் ‘பழசு’ என்று முத்திரை குத்தும். அப்புறம் 7 நாள் கெடு. அதற்குள்ளும் யாரும் வாய் திறக்காவிட்டால் ஃபைல் குளோஸ்!

வாராக்கடனை ‘ரைட் ஆஃப்’ செய்தால் பேரேடு சுத்தமாகும், பணம் வந்துவிடாது. இதுவும் அதே கணக்குதான். பட்டியல் குறையும், பிழை அப்படியே இருக்கும். எந்த வெர்ஷன் என்றுகூடச் சொல்லாத அரைகுறைப் புகார்களை எத்தனை நாள் சுமப்பது என்று கேட்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒழுங்காகப் புகார் எழுதியவரும் இரண்டு மாதத்துக்கொரு தரம் ‘இன்னும் இருக்கு சார்’ என்று ஹாஜர் கொடுக்க வேண்டுமா?

சரிசெய்கிறவர் பாடு இன்னும் மோசம். மெஷினுக்கு மெயில் அனுப்பச் செலவில்லை. படிக்கிற மனுஷனுக்கு உண்டு. ‘எப்போ முடிப்பே?’ என்கிற நச்சரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ‘எக்ஸ்.இஸட்.’ கதையே சாட்சி. ஃபைல்களைச் சுருக்கும் இந்தப் புரோகிராமைச் சம்பளமில்லாமல் பராமரித்தவர் ஃபின்லாந்தின் லாஸே காலின். 2022-ல் ‘ஜிகர் குமார்’ போன்ற பெயர்களில் சிலர் ‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்று மெயிலில் குடைந்தார்கள். இது மெஷின் வேலையில்லை, மனுஷ வேலை. தனக்கு மனநலப் பிரச்னை இருப்பதாக அவர் சொல்லியும் விடவில்லை. கடைசியில், உதவிக்கு வந்த ‘ஜியா டான்’ கைக்குச் சாவி போனது. அந்த ஆசாமி உள்ளே கள்ளக் கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினீயர், லாகின் ஆவதில் அரை செகண்ட் தாமதம் ஏன் என்று துருவிப் பார்த்ததால் உலகம் தப்பித்தது.

நினைவூட்டலே வேண்டாம் என்று சொல்லவில்லை. லினக்ஸில் பிழை தேடும் கூகுளின் ‘சிஸ்பாட்’டும் நினைவூட்டுகிறது. ஆனால் முடிந்த இடங்களில் பிழையை மறுபடி வரவழைத்துக் காட்டும் குட்டிப் புரோகிராமையும் கூடவே தருகிறது. திருத்தி அனுப்பினால், ஓட்டிப் பார்த்து ரிசல்ட் சொல்கிறது. நினைவூட்டுகிறவர் வேலையில் கொஞ்சமாவது பங்கெடுக்க வேண்டாமா?

இந்த இலவசப் புரோகிராம்களை வைத்துக் கோடிகளில் லாபம் பார்க்கும் கம்பெனிகள், அடுத்த ரிமைண்டரோடு ஒரு ஆளையோ ஒரு செக்கையோ சேர்த்து அனுப்பலாம். கடன்பட்டவர்கள் அவர்கள்தானே!