பூவால் கட்டிய அணை

மே மாதம் ஏற்காடு கோடை விழா தொடங்கும்போது நாளிதழ்களில் வரும் முதல் செய்தி ஓர் எண்தான்: அண்ணா பூங்காவில் இத்தனை லட்சம் மலர்களால் இத்தனை உருவங்கள். படித்தவுடன் மலைப்பு வருகிறது, அடுத்த நொடியே மறந்தும் போகிறது. ஆனால் அந்த எண்ணைக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தால் வேலையின் முழு அளவும் அதிலேயே தெரியும். விரிந்த கார்னேஷன் பூ ஒன்று ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம். அடியில் இருப்பது தெரியாதபடி நெருக்கிக் குத்தினால் ஒரு சதுர மீட்டருக்கு 400 பூ வேண்டும். அப்படியென்றால் ஒரு லட்சம் பூ 250 சதுர மீட்டரை மூடும். நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டு நிலத்தை மூடி இன்னும் சற்று மிஞ்சும். ஒரு பூவைக் கையில் எடுத்து, காம்பைச் சாய்வாக வெட்டி, இடம் பார்த்துக் குத்தப் பத்து விநாடி என்று வைத்தால் ஒரு லட்சம் பூவுக்கு 278 மணி நேரம். பத்துப் பேர் வேலை செய்தாலும் ஆளுக்கு 28 மணி நேரம். பறித்த பூ காத்திருக்காது. ஆகவே இதை ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடவும் முடியாது. விழாவுக்கு முந்தைய ஓரிரு இரவுகளில் முடித்தாக வேண்டும்.

கல்லில் செதுக்குபவருக்கு ஆண்டுகள் உண்டு. மண்ணில் பிடிப்பவருக்கு வாரங்கள் உண்டு. பூவில் கட்டுபவருக்கு இருப்பது இந்த இரண்டு இரவுகள்தான். அதனால்தான் இந்தக் கலையை நான் மதிக்கிறேன். வெறும் அலங்காரம் என்று இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை நடத்தும் மலர்க் கண்காட்சியும், மாலை நேரத்து இசை, நடன நிகழ்ச்சிகளும் சேர்ந்ததுதான் ஏற்காட்டின் கோடை விழா. கொரோனாவால் தடைபட்டு 2022-இல் மீண்டும் நடந்தபோது அது 45-ஆவது விழா. அந்த ஆண்டு மேட்டூர் அணை மலர்களில் எழுந்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தோன்றவில்லை. சேலம் மாவட்டத்தில் வளர்ந்தவர்கள் அணை நிரம்பும் 120 அடி என்ற எண்ணைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள். 1934-இல் கட்டி முடித்த அந்த அணையும் அதன் 16 கண் மதகும் எல்லோர் மனத்திலும் படமாக இருக்கின்றன. மலையின் உச்சியில், 5,300 அடிக்கு மேலே, சேர்வராயன் குகைக் கோயிலில் சேர்வராயரோடு அமர்ந்திருப்பவள் காவேரியம்மன். அங்கும் அதே மே மாதத்தில்தான் திருவிழா. மலைக்காரர்கள் காவிரியை அம்மனாக மேலே வைத்திருக்கிறார்கள், சமவெளிக்காரர்கள் அணை கட்டிக் கீழே தேக்கி வைத்திருக்கிறார்கள். பூங்காவில் அந்த அணையை மலரில் எழுப்பியபோது மேலும் கீழும் ஒரே இடத்தில் சந்தித்தன.

ஆனால் பூவில் அணை கட்டுவது கடினம். யானை செய்வதைவிடக் கடினம் என்றே சொல்வேன். யானையின் முதுகு வளைவில் ஒரு பூ முன்னே பின்னே போனால் கண் மன்னித்துவிடும். அணை என்பது நேர்கோடு. மேல் விளிம்பு ஓரிடத்தில் இரண்டு விரற்கடை தாழ்ந்தால் அது அணையாக இருக்காது, வரப்பாகிவிடும். பூவுக்கோ நேர்கோடு தெரியாது. ஒவ்வொரு பூவும் தன் போக்கில் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் சிறிது, கொஞ்சம் சாய்வு. நேர்கோடு வேண்டுமென்றால் ஒரே அளவுப் பூக்களைத் தனியே பொறுக்கி விளிம்புக்கு ஒதுக்க வேண்டும், நூல் பிடித்துக் குத்த வேண்டும். மலர்ச் சிற்பம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் விளிம்பைத்தான் பார்ப்பேன். நடுப்பகுதியை யாரும் நிரப்பலாம்.

எல்லாம் இரும்பில் தொடங்குகிறது. சதுரக் குழாயில் எலும்புக்கூடு, அதன் மேல் வளைத்துப் பற்றவைத்த கம்பி, அதற்கு மேல் கோழி வலை. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெரிய சட்டம் முழுதாக மேலே வராது. துண்டு துண்டாக ஏற்றி, பூங்காவில் இறக்கி, போல்ட் போட்டு இணைக்கும்படி முதலிலேயே திட்டமிட வேண்டும். இதைவிட நுட்பமான கணக்கு ஒன்று இருக்கிறது. பூவைத் தாங்கும் ஃபோம் கட்டி 8 சென்டிமீட்டர் கனம். அதன் மேல் பூத்தலை நாலைந்து சென்டிமீட்டர். ஆக உருவத்தின் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய அரை அடி தடித்துவிடும். கம்பி கட்டுபவர் இதை அறிந்து, மனத்தில் இருக்கும் உருவத்தைவிட மெலிந்த ஒன்றைக் கட்ட வேண்டும். முயலின் காது, மயிலின் கழுத்து, பறவையின் அலகு எல்லாம் இரும்பு நிலையில் பட்டினி கிடந்தவை போல இருந்தால்தான் பூ ஏறிய பிறகு சரியாக வரும். இது தெரியாமல் கட்டியவை எல்லாம் ஊதிப் பருத்து நிற்கும். கண்ணும் மூக்கும் எங்கோ புதைந்துவிடும்.

அந்தப் பச்சை ஃபோம் 1954-இல் அமெரிக்காவின் ஸ்மித்தர்ஸ்-ஒயாசிஸ் நிறுவனம் கொண்டு வந்தது. காய்ந்திருக்கும்போது காற்றைப் போல லேசானது. ஊறினால் ஒரு கட்டி ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும். ஆயிரம் கட்டி வைத்த சிற்பத்தில் பூவின் எடை ஒரு பொருட்டே அல்ல. தண்ணீர் மட்டும் 2 டன். கட்டியைத் தண்ணீரில் அமுக்கக் கூடாது. மிதக்க விட்டுத் தானாக இறங்க விட வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் நடுவில் காற்று சிறைப்பட்டு அங்கே வறண்ட குழி நின்றுவிடும். அந்த இடத்தில் குத்திய பூ மறுநாள் மதியமே தலை கவிழும். குத்திய காம்பை உருவி அதே ஓட்டையில் மறுபடி செருகவும் கூடாது. காம்பின் நுனிக்கும் ஃபோமுக்கும் இடையே வெற்றிடம் விழும், தண்ணீர் ஏறாது. கை ஒரு முறைதான் முடிவெடுக்கலாம். இரவு முழுக்கத் தூக்கக் கலக்கத்தில் லட்சம் முறை அப்படி முடிவெடுக்கிறவர்களின் விரல்களை நினைத்துப் பாருங்கள்.

எந்தப் பூ எந்த வேலைக்கு என்பதில்தான் ரசனை தெரிகிறது. கார்னேஷனின் இதழ் விளிம்பு ரம்பப் பல் போல் கிழிந்திருப்பதால் பக்கத்துப் பூவோடு கலந்துவிடும், இணைப்புத் தெரியாது. பரப்பை நிரப்ப அதற்கு நிகர் இல்லை. ரோஜாவுக்கு நடுவில் ஒரு சுழி இருக்கிறது. நெருக்கி வைத்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அதனால் ரோஜாவில் செய்த பரப்பு தூரத்திலிருந்து புள்ளி புள்ளியாக அதிரும். மீனின் செதிலுக்கும் மயில் கழுத்துக்கும் அந்த அதிர்வு வேண்டும். சுவருக்கு வேண்டாம். சாமந்தி வெளிச்சத்தை உள்ளே வாங்கி மெத்தென்று திருப்பித் தரும். ஜெர்பராவுக்கு முகம் இருக்கிறது. அது பார்ப்பவரைத் திரும்பிப் பார்க்கும். ஒன்றிரண்டு போதும், நூறு வைத்தால் கூட்டம் முறைப்பது போலிருக்கும். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து இவை இன்று எளிதாக வந்துவிடுகின்றன. வரும் வழியில் ஒரு பகை உண்டு. பழுக்கும் பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு கார்னேஷன் இதழ்களை உள்நோக்கிச் சுருட்டிவிடும். மே மாதம் ஏற்காட்டில் பலாப்பழக் காலம். பூப்பெட்டி இருக்கும் மூடிய அறையில் ஒரு பலாப்பழத்தையும் வைத்துவிட்டால் போதும், காலையில் பாதிப் பூ உறங்கிப் போயிருக்கும்.

நீலம் இந்தக் கலையின் பழைய ஏக்கம். கார்னேஷனிலும் ரோஜாவிலும் சாமந்தியிலும் இயல்பான நீலம் கிடையாது. வானத்தையும் தண்ணீரையும் செய்ய வேண்டியவர் வெள்ளைப் பூவுக்குச் சாயம் தெளிக்கிறார். அந்தச் சாய நீலத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. பெயின்ட் அடித்த சுவரைப் போல அது ஒரே தட்டையாக நிற்கும், மழை பட்டால் ஒழுகும். அணைத் தண்ணீருக்கு வெள்ளையே போதும். மதகு திறந்து விழும் காவிரி வெள்ளையாகத்தானே நுரைக்கிறது?

ஏற்காட்டின் பனிமூட்டமும் இதில் ஒரு கூட்டாளி. சேலத்தில் வெயில் 40 டிகிரியை நெருங்கும் நாளில் மேலே காற்றில் ஈரம் நிற்கும், பூ தன் தண்ணீரை மெதுவாகத்தான் இழக்கும். ஆனால் அதே பனிமூட்டம் நிறத்தைத் தின்கிறது. அந்தி சாயும்போது முதலில் சிவப்பு கறுத்துவிடும். மனிதக் கண்ணின் இயல்பு அது. அடர் சிவப்பு ரோஜாவில் செய்த உருவம் மாலை ஆறரைக்கு ஒரு நிழல்தான். மஞ்சளும் வெள்ளையும் மூட்டத்தைத் துளைத்து வரும். மலைக்காகச் செய்பவர் அதற்கேற்ற நிறம் தேர வேண்டும். சமவெளி மண்டபத்தில் எடுபட்ட நிறத்திட்டத்தை அப்படியே இங்கே கொண்டு வரக் கூடாது.

அந்த நேரத்தில்தான் கலையரங்கில் இசை தொடங்கும். நாட்டுப்புறக் கலைஞர்கள் வருகிறார்கள். பறையின் தோல் ஈரக் காற்றில் தளர்ந்துவிடும், தீ மூட்டிக் காய்ச்சினால்தான் குரல் எழும். பூவை வாழவைக்கும் அதே ஈரம் பறையின் குரலை அமுக்குகிறது. ஒருபுறம் பூவின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள், மறுபுறம் தோலுக்கு அனல் காட்டுகிறார்கள். ஒரே மலைக் காற்றோடு இரண்டு கலைகள் எதிரெதிர் வழியில் பேரம் பேசுகின்றன. திறந்தவெளி விழாவின் உயிரே எனக்கு இதில்தான் இருக்கிறது. கூரையும் குளிர்சாதனமும் உள்ள அரங்கில் இரண்டு பேரும் எதனோடும் போராட வேண்டியதில்லை.

கார்ட்டூன் உருவங்களைப் பற்றி மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் அவற்றின் முன்னால் துள்ளுவது உண்மை. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கார்ட்டூன் என்பது மெல்லிய கறுப்புக் கோட்டில் வாழ்வது. பூவில் மெல்லிய கோடும் இல்லை, கறுப்பும் இல்லை. முகபாவம் முழுவதும் கரைந்து பொம்மையின் வீங்கிய நிழல் மட்டும் மிஞ்சும். பூவுக்கு இயல்பாக வருவது பெரும் உடல், பரந்த வளைவு, மேற்பரப்பின் மென்மை. சேர்வராயன் மலைக் காடுகளில் திரியும் காட்டெருமை இதற்காகவே பிறந்தது போலிருக்கிறது. திரண்ட தோள், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை. பழுத்துச் சிவந்த காப்பிக் கொத்தை ஆள் உயரத்துக்கு ரோஜாவில் செய்யலாம். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த காப்பிக்கு அதைவிட நல்ல மரியாதை வேறென்ன?

நெதர்லாந்தின் சுண்டர்ட் ஊரில் 1936 முதல் செப்டம்பர் முதல் ஞாயிறன்று டாலியாப் பூவில் பிரம்மாண்டத் தேர்கள் ஓடுகின்றன. 20 சிற்றூர்கள் ஒன்றோடொன்று போட்டியிடும். ஊர்க்காரர்களே வடிவமைத்து, வெல்டிங் செய்து, கடைசி இரண்டு மூன்று நாளில் பூ ஒட்டுகிறார்கள். பூவும் அவர்கள் வளர்த்ததுதான். அங்கே பூ ஒரு உருவத்தை நகல் எடுப்பதில்லை. தசை நார் போலவும் தீ போலவும் ஓடுகிறது. நிறத்தை இதழ்களின் திசையோடு சேர்த்தே யோசிக்கிறார்கள். நம் கைகளுக்கு அந்தத் திறமை இல்லாமல் இல்லை. துணிந்து கேட்கிறவர்கள்தான் குறைவு.

பூவால் பெரிதாகக் கட்டுவது நமக்குப் புதிதும் அல்ல. சித்திரைத் திருவிழாவின் இறுதியில் மதுரையில் கள்ளழகர் பூப்பல்லக்கில் எழுந்தருளுகிறார். பூ வேலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழை மட்டையையும் வாழை நாரையும் நம்பியவர்கள். வாழைத்தண்டு தன் உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும், காம்பு குத்தினால் பிடித்துக்கொள்ளும், வேலை முடிந்தால் மாடு தின்னும் அல்லது எருவாகும். ஃபோம் அப்படியல்ல. அது நுண் பிளாஸ்டிக்காக உதிர்ந்து மண்ணிலும் நீரிலும் தங்கிவிடும். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. அண்ணா பூங்கா ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. மழை பெய்தால் உதிர்ந்தது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாச் சிற்பத்துக்கும் வாழைத்தண்டு சரிப்படாது. எடை அதிகம், செங்குத்துச் சுவரில் நிற்க வைக்கத் தனி வித்தை வேண்டும். ஆனால் படுத்த பரப்புகளுக்கும் அடிப்பீடங்களுக்கும் இப்போதே சரிப்படும். ஒரே ஒரு சிற்பத்தையாவது முழுக்க வாழையின் மேல் கட்டச் சொல்லி, பூப்பல்லக்குக் கட்டுகிறவர்களை மலைக்கு அழைத்துப் பார்க்கலாம்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். தொடக்க நாள் மாலைக் கூட்டத்தில் படம்தான் எடுக்க முடியும். இரண்டாம் நாள் காலை, பூங்கா திறந்தவுடன் போங்கள். குத்திய பூக்கள் அதற்குள் முழுதாக விரிந்து இடைவெளிகளை மூடியிருக்கும், வாட்டம் தொடங்கியிருக்காது. சிற்பத்தின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் சென்று பாருங்கள். யாரும் பார்க்காத இடத்திலும் அதே நெருக்கத்தில் குத்தியிருந்தால் அந்தக் குழு தேர்ந்த குழு. பிறகு பெயர்ப்பலகையைப் படியுங்கள். துறையின் பெயர் இருக்கும், மலர்களின் எண்ணிக்கை இருக்கும். சுண்டர்டில் ஒவ்வொரு தேருக்கும் அதைச் செய்த சிற்றூரின் பெயரும் வடிவமைத்தவர் பெயரும் உண்டு. கம்பி வளைத்தவர், நிறம் தேர்ந்தவர், இரவெல்லாம் பூ குத்திய பெண்களும் ஆண்களும், இவர்கள் பெயரும் ஏற்காட்டின் பலகையில் வர வேண்டும். அதற்குப் பலகையில் இன்னும் நான்கு வரி இடம் போதும்.