கவீத்தோ காத்திருந்தது யாருக்காக?

கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து கற்றுக்கொள்ள எந்த நடனம் தோது என்று யாராவது கேட்டால் நான் யோசிப்பதே இல்லை. டேங்கோ என்பேன். அதிலும் மிலோங்கா எனும் டேங்கோக் கூடல்களின் நெரிசலில், நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து, காலடியில் கிடைத்த இடம் போதும் என்று ஆடுகிறார்களே, அந்த டேங்கோ. யாருக்கு முழங்கால் வலி, யாருக்குத் தாளம் நிற்காது, பக்கத்தில் எங்கே சொல்லித் தருகிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். முதலில் டேங்கோ ஜோடியான கார்லோஸ் கவீத்தோவும் மார்செலா துரானும் 'ஆ எவாரிஸ்தோ காரியேகோ' என்ற இசைக்கு ஆடியதைப் பாருங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் மறுபடி பாருங்கள், இந்த முறை கவீத்தோவை விட்டுவிட்டு.

எல்லோரும் அவரையேதான் பார்க்கிறார்கள். பார்க்காமல் இருப்பதும் கஷ்டம். எதுவார்தோ ரோவிரா எழுதி, இசைக்குழுத் தலைவர் புக்லியேஸே 1969இல் பதிவு செய்த அந்த இசை ஆடுதளத்துக்குக் கொஞ்சமும் இணங்காதது. இழுக்கும், தேங்கும், திடீரென்று பொங்கும். வயலின்கள் எழும்புகிற இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு சுழற்சியையோ காலை வீசும் ஒரு உதையையோ செருகியிருப்பார்கள். கவீத்தோ நிற்பார். நீண்ட கார்வையில் நாகஸ்வரத்தை நிறுத்திவிட்டுத் தவில்காரர் பக்கம் திரும்பாமலே இருக்கும் வித்வானைப் போல, அந்த இசைத்தொடர் முழுவதையும் போகவிட்டு, அது அடங்கும் நேரத்தில் ஓர் அடி வைப்பார். ஒரே ஓர் அடி. அரங்கம் அதற்குத்தான் கைதட்டும்.

இப்போது துரான். உடம்பின் எடையில் பெரும்பங்கு கவீத்தோவின் நெஞ்சில் சாய்ந்திருக்கிறது. கவீத்தோ அரை அடி பின்வாங்கினால் துரான் கீழே. அவ்வளவு சாய்ந்தும் எடை ஏறாத அந்தக் காலில் ஒரு விறைப்பும் கிடையாது. பின்னால் நீளும், தரையை வருடிக்கொண்டே திரும்பி வரும், இரண்டு கணுக்கால்களும் உரசும். அந்த உரசலுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை துரான்தான் முடிவு செய்கிறார். கவீத்தோ அவசரப்படுத்துவதில்லை. அவர் இசைக்காகக் காத்திருக்கிறார் என்று ரசிகர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ துரான் முடிக்கட்டும் என்று காத்திருப்பதாகத்தான் படுகிறது. இசை அதற்கு ஒரு சாக்கு.

தம்பதிகளுக்கு டேங்கோ என்று நான் அடம்பிடிப்பதற்கு இது ஒன்றே போதும். சொன்னது எதிராளியின் உடம்பில் போய்ச் சேர்ந்து, அங்கே அது முடிந்து, பதில் வரும்வரை அடுத்ததைச் சொல்ல முடியாத நடனம் இது. நம் வீடுகளில் இந்தப் பழக்கம் எவ்வளவு இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மிலோங்கா டேங்கோ என்று ஆரம்பித்துவிட்டு மேடையைக் காட்டுகிறாயே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லூயிஸ் பிராவோவின் 'ஃபாரெவர் டேங்கோ' 1997இல் பிராட்வேயில் வால்டர் கெர் அரங்கில் நடந்த மேடை நிகழ்ச்சிதான். ஆனால் அப்படிப்பட்ட மேடையில், மற்ற ஜோடிகள் காலைத் தலைக்கு மேல் வீசும் நேரத்தில், மிலோங்காவின் அணைப்பை அப்படியே கொண்டுபோய் வைத்தார் கவீத்தோ. மேடை அவரைக் கெடுக்கவில்லை. பின்னால் வந்தவர்களைத்தான் கெடுத்தது. அவர் 2005இல், 63 வயதில், காலமானார். அதற்குப் பிறகு சாய்வை மட்டும் எடுத்துக்கொண்ட ஜோடிகள் எத்தனையோ. காத்திருப்பை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாகக் கற்பவர்கள் அந்தச் சாய்வை வீட்டில் முயன்று பார்த்து ஒருவர் இடுப்பு பிடித்துக்கொள்வதும், இன்னொருவர் நீதான் சரியாக நிற்கவில்லை என்று குறை சொல்வதும் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். எடை முன்பாதத்தில் இருக்கட்டும், வயிறு உள்ளே இருக்கட்டும், அவரவர் எடை அவரவர் காலில் இருக்கட்டும். தொடக்கத்தில் நெஞ்சு தொட்டால் போதும்.

சேர்ந்து ஆடினால் இல்லறம் இனிக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹுவான் கார்லோஸ் கோப்பெஸ், மரியா நியேவெஸ் ஜோடியை நினைத்துக்கொள்ளுங்கள். 1983இல் பாரிஸிலும் 1985இல் பிராட்வேயிலும் 'டேங்கோ அர்ஜென்டினோ' உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்ததே, அதன் முகங்கள் அவர்கள். அந்த மேடையில் ஏறும்போது அவர்கள் கணவன் மனைவியாக வாழ்ந்துகொண்டிருக்கவில்லை. பிரிந்தபின் பல ஆண்டுகள், ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை சரியில்லாமலே, ஒருவர் கையில் ஒருவராக ஆடினார்கள். ஹெர்மான் கிரால் 2015இல் எடுத்த 'உன் டேங்கோ மாஸ்' படத்தில் இருவரும் முதிய வயதில் தனித்தனியாக அதைச் சொல்கிறார்கள். நியேவெஸின் முகத்தைப் பார்த்தபின் எந்த விளம்பரமும் எடுபடாது. கோபத்திலும் அந்தப் பெண்மணியின் கால் ஒரு நூல் பிசகவில்லை என்பது வேறு விஷயம். நல்ல நடனம் நல்ல தாம்பத்தியத்தைத் தரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தம்பதி சண்டையிலும் தாங்கி நிற்கும் நடனம் எது என்று வேண்டுமானால் கேட்கலாம். அதற்கும் டேங்கோதான் பதில்.

என் நண்பர் ஒருவர் சால்சாக் கட்சி. இரண்டே மாதத்தில் பார்ட்டியில் ஆடிவிடலாம், சிரித்துக்கொண்டே ஆடலாம், முகத்துக்கு முகம் பார்க்கலாம் என்பார். உண்மைதான். இரண்டு மாதத்தில் தங்கை கல்யாணம் என்றால் சால்சாவுக்கே போங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் கைகளை முடிச்சுப்போட்டு அவிழ்க்கும் வித்தைகள் தீர்ந்ததும் என்ன செய்வது என்று ஒரு கட்டம் வரும். சால்சா ஆசிரியர் எடி டோரெஸ் காலத்து நியூயார்க் ஆட்டத்தில் அதற்கு விடை இருந்தது, இசைக்குள் நுழைந்துகொண்டார்கள். இப்போதைய வகுப்புகளில் அடுத்த முடிச்சைச் சொல்லித் தருகிறார்கள், அவ்வளவுதான். ஸ்விங் நடனமான லிண்டி ஹாப் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1935இல் ஹார்லெமின் சவாய் அரங்கில் ஃபிராங்கி மேனிங் தன் ஜோடியை முதுகின் மேலாகப் புரட்டிப் போட்டது வரலாறு. ஐம்பதைத் தொடும் தம்பதிக்கு அந்த வரலாறு ஆகாது, எலும்பு மருத்துவர் செலவு தனி. ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட் அழகானது. பிளாக்பூலில் 1920 முதல் நடக்கும் விழாவில் எம்ப்ரஸ் பால்ரூம் தரையில் அதைச் சறுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க அலுக்காது. ஆனால் அங்கே இருவர் தலையும் ஆளுக்கொரு திசையில் விலகி இருக்கும். சேர்ந்து கற்றுக்கொண்டு எதிரெதிர்த் திசையில் பார்ப்பானேன்?

இதற்கு நடுவே ஒரு புலம்பல். அல் பசினோ நடித்த 'சென்ட் ஆஃப் எ வுமன்' 1992இல் வந்ததிலிருந்து, டேங்கோ என்றாலே 'போர் உனா கபேஸா' என்றாகிவிட்டது. வரவேற்பு மேடையில் மணமக்கள் அதற்குத்தான் ஆட வேண்டும் என்கிறார்கள். பாடகர் கார்லோஸ் கார்தெல் 1935இல் இசையமைத்த பாட்டு, கேட்க அமிர்தம். ஆனால் கார்தெல் பாடுவதை மிலோங்காக்களில் ஆடுவதற்குப் போடுவதில்லை. அவர் குரல் தாளத்தை நீட்டியும் குறைத்தும் தன் போக்கில் போகும். கால் எங்கே வைப்பது? உட்கார்ந்து கேளுங்கள், எழுந்து நிற்காதீர்கள்.

ஆடுவதற்கு தி சார்லியின் இசைக்குழுவைப் போடுங்கள். எந்த நடனம் என்பதை முடிவு செய்தபின் தம்பதிகள் முடிவு செய்ய வேண்டியது எந்த இசைக்குழு என்பது. வகுப்பில் இதை யாரும் கேட்பதில்லை. காலுக்குத் தாளமே எட்டாதவர்களுக்கு இன்னொரு குழுத் தலைவர் தாரியென்ஸோ இருக்கிறார். 1935 கடைசியில் ரொடோல்ஃபோ பியாஜி அவர் குழுவின் பியானோவில் வந்து உட்கார்ந்தபின் பதிவானவற்றில் தாளம் சட்டையைப் பிடித்து இழுக்கும், தப்பிக்க முடியாது. ஆனால் அதையே கேட்டால் மூச்சு வாங்கும், பரபரப்பில் இருவரும் தனித்தனியாக ஓட ஆரம்பிப்பார்கள். தி சார்லியின் 1950களின் பதிவுகள் நடப்பதற்கென்றே பிறந்தவை. வயலின்கள் மேலே நீண்டு போகும். கீழே அவர் இடது கை பியானோவில் மணி போல் ஒலித்து, இப்போது வை என்று சொல்லும். சொந்த ஊரின் பெயரை வைத்த 'பாஹியா பிளாங்கா'வை இரவில் விளக்கைக் குறைத்துவிட்டு வெறுமனே நடந்து பாருங்கள். புக்லியேஸே சில வருடங்கள் கழித்து வரட்டும். முதல் வருடத்திலேயே அவருடைய 'லா யூம்பா'வுக்கு ஆடுகிறவர்களை நான் நின்று பார்ப்பதில்லை.

நடப்பதைப் பற்றித்தான் என் பெரிய குறை. நான் பார்த்த வகுப்பொன்றில் முதல் நாளே எட்டு அடிப் பாடம். அதன் முதல் அடி ஆணுக்குப் பின்னோக்கி. மிலோங்காவில் எல்லோரும் வரிசையாக ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் கால் வைத்தால் அடுத்த ஜோடியின் காலைத்தான் மிதிக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் காஞ்சோ. ஒருவர் கால் இன்னொருவர் கால்களுக்குள் கொக்கி போடுவதில் வகுப்பே மும்முரம். நடக்க யாரும் சொல்லித் தரவில்லை. நடப்பதில் போட்டோவுக்கு ஒன்றும் இல்லை என்பதால் இருக்கலாம்.

கவீத்தோவுக்கு முந்திய தலைமுறை ஆண்கள் புவெனோஸ் ஐரெஸில் எப்படிக் கற்றார்கள் என்பதை இப்படிப்பட்ட ஆசிரியர்கள் மறந்துவிட்டார்கள். பிராக்டிகா எனும் பயிற்சிக் கூடல்களில் ஆண்களே ஆண்களோடு ஆடினார்கள். புதிதாக வந்த பையன் முதலில் பெண்ணின் பாகத்தைத்தான் ஆட வேண்டும். அனுபவசாலியின் நெஞ்சு தன்னை எங்கே தள்ளுகிறது, எங்கே நிறுத்துகிறது என்று உடம்பில் தெரிந்தபிறகே வழிநடத்தும் பாகம் கிடைக்கும். நம் கணவன்மார்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன். தொடக்கத்தில் மனைவி வேகமாக முன்னேறுவது போலத் தெரியும், ஏனென்றால் ஆசிரியர் கைப்பிடித்து ஆட்டிவிடுகிறார். கணவனோ வழி பார்க்க வேண்டும், இசை கேட்க வேண்டும், அடுத்தவரை இடிக்காமல் இருக்க வேண்டும். பொறுமை போகும். போனதும் மனைவிக்குப் பாடம் எடுக்க ஆரம்பிப்பார். ஆடுதளத்தில் பாடம் எடுக்கக் கூடாது என்பது மிலோங்காவின் பழைய மரியாதை. அதை வீட்டு வரவேற்பறைக்கும் கொண்டுவர வேண்டும். கொஞ்ச நாள் கணவன் பின்தொடரட்டும், மனைவி நடத்தட்டும். வாய் தானாக மூடிக்கொள்ளும்.

வகுப்பில் ஜோடி மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். கூச்சம் புரிகிறது. ஆனால் ஒருவரையே பிடித்துக்கொண்டு கற்றால் இருவரின் தப்பும் ஒன்றுக்கொன்று பழகி, தப்பு என்றே தெரியாமல் போகும்.

சேர்வதற்கு முன் ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: முதல் மாதம் முழுக்க நடக்க மட்டும் சொல்லித் தருவீர்களா? அலுத்துப்போகுமே என்று அவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்தக் கட்டணத்துக்குத் தோல் அடிப்பாகம் வைத்த நல்ல ஷூ ஒரு ஜோடி கிடைக்கும். முதலில் மனைவிக்கு வாங்குங்கள்.