பகதூரும் பழம் பிரதிகளும்: சித்திரக்கதைச் சேகரிப்புக் குறித்துச் சில கருத்துகள்

பழைய சித்திரக்கதை இதழ்களைத் தேடித் திரட்டுவோரை வளராத பிள்ளைகளென நகைத்து ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், பகதூர் கதைகள்மீது இந்தியச் சேகரிப்பாளர் கொண்டுள்ள ஈடுபாடு அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று.

பெனட் கோல்மன் நிறுவனம் 1964இல் தொடங்கிய இந்திரஜால் கொமிக்ஸ், வேதாளன், மாண்ட்ரேக் முதலிய அமெரிக்க நாயகர்களையே பெரிதும் நம்பியிருந்தது. அவர்களிடையே 1976இல் ஆபித் சுர்த்தி எழுத, கோவிந்த் பிராமணியா வரைய, குர்தாவும் ஜீன்சும் அணிந்த பகதூர் தோன்றினான். களம் கற்பனைக் காடன்று. சம்பல் கொள்ளையரின் பிரதேசம். கற்றறிந்த இந்தியச் சிறுவன் தன் நாட்டு மண்ணிலேயே ஒரு சாகச வீரனைக் கண்டான். இன்றைய ஈர்ப்பின் வேர் இதுவே.

எனினும், அம்மண் எவ்வாறு காட்டப்பட்டது? சம்பல் பிரச்சினையின் அடியில் நிலத்தகராறும் சாதிப்பகையும் கிடந்தன. 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் நூற்றுக்கணக்கானோர் சரணடைந்தமை அதனை நாடறியச் செய்திருந்தது. கதையிலோ, கொள்ளையன் மகனான பகதூர், தந்தையைக் கொன்ற பொலிஸ் அதிகாரியைப் பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, ஊர்ப் பாதுகாப்புப் படை அமைக்கிறான். நிலம் யாருடையது என்ற வினா எழுவதேயில்லை. அரசும் கிராமமும் ஒன்றாகிவிடுகின்றன. நெருக்கடிநிலை நடைமுறையிலிருந்த ஆண்டில் இத்தீர்வு தோன்றியமை தற்செயலென நான் கருதவில்லை.

சேகரிப்பாளருக்கு இவை முக்கியமல்ல. அவர் நாடுவது மடிப்பில்லாத, மங்காத அட்டை. கைமாறி வாசிக்கப்பட்டுக் கிழிவதற்கென்றே அச்சிடப்பட்ட மலிவுத் தாள், வாசிக்கப்படாதிருந்தால் மட்டுமே உயர்ந்த பரிவர்த்தனைப் பெறுமானம் பெறுகிறது. அட்டையில் ஒரு சிறுவன் எழுதிய பெயரும் வாடகை வாசிகசாலையின் முத்திரையும் விலையைக் குறைக்கும் 'குறை'களாகின்றன. பண்ட வழிபாட்டிற்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது.

ஆனால், குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. வெகுசன இலக்கியத்தை நச்சிலக்கியம் எனக் கூறி முடித்த முற்போக்கு விமர்சகர் அதனைப் பேணவேண்டிய அவசியத்தை உணரவில்லை. இதனை எழுதுபவனும் விலக்கல்லன். இந்திரஜால் 1990இல் நின்றபின், பழந்தாள் வியாபாரியிடமிருந்து அவ்விதழ்களை மீட்டவர் நாம் நகைத்த சேகரிப்பாளரே. அவரது அலுமாரியின்றி மேலே கூறிய ஆய்வும் இயலாது.

அவர் கழித்துவிடும் பிரதிகளையேனும் பல்கலைக்கழக நூலகங்கள் கேட்டுப் பெறுதல் வேண்டும். யார் வாசித்தனர், எத்தனை கைகள் மாறின என்பதற்கான சான்று அந்த முத்திரையிலும் பெயரிலுமே எஞ்சியுள்ளது.