நிபுணரும் அரச நிருவாகமும்

பிரித்தானியக் குடியியற் சேவையை ஆராய 1966 இல் அமைக்கப்பெற்ற புல்ற்றன் பிரபுவின் குழு, 1968 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. எத்துறைக்கும் பொருந்துவர் எனக் கருதப்பட்ட பொது நிருவாகிகளே கொள்கையையும் நிதியையும் கையாள, பொறியியலாளர், விஞ்ஞானிகள் முதலியோர் அவர்க்குத் துணையாய் ஒதுங்கி நிற்கும் முறையை அது கடிந்துரைத்தது. நிபுணர்க்கும் உயர்பதவிகள் திறக்கப்படல் வேண்டும் என்பது அதன் துணிபு.

இத்துணிபு ஏற்கத்தக்கதே, எனினும் நிறைவுடையதன்று. பதவி உயர்ந்தால் நிபுணரின் குரலும் உயரும் எனக் குழு எண்ணியது போலும். 1986 சனவரி 28 இல் எழுவரைப் பலிகொண்ட அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோட விபத்து இவ்வெண்ணத்தை ஐயுற வைக்கின்றது. கடுங்குளிரில் உந்துகலத்தின் இறப்பர் வளையங்கள் வாயுக்கசிவைத் தடுக்கத் தவறலாம் என, அக்கலத்தைச் செய்தளித்த கம்பனியின் பொறியியலாளர் முதல்நாளிரவே எச்சரித்தனர். அங்குப் பொறியியற் பகுதிக்குத் தலைமை தாங்கியவரும் முதலில் அவர் பக்கமே நின்றார். முகாமையாளராய்ச் சிந்திக்குமாறு கேட்கப்பட்டபின் தம் நிலையை மாற்றினார். பதவி அவரது குரலை உயர்த்தவில்லை, அடக்கிற்று. ஏவுதலுக்கு இறுதி இசைவளித்த அரச அதிகாரிகளை அவ்வெதிர்ப்பு எட்டவேயில்லை என்பது பின்னர் ஆராய்ந்த றொஜர்ஸ் ஆணைக்குழு கண்ட முடிபு.

நிபுணரே ஆளவேண்டுமென யாம் கூறவில்லை. பல துறைகளையும் சீர்தூக்கி முடிவுசெய்தல் நிருவாகியின் கடன். ஆயின், நிபுணரின் மாறுபட்ட கருத்து, இடைநிற்போரால் மெலிவுறாது, எழுத்தில் அவரைச் சென்றடைதல் வேண்டும். அதற்கு வழிசெய்யாத சீர்திருத்தம், நிபுணர்க்கு ஆசனம் அளித்து, அவர் அறிவை வாயிலில் நிறுத்துவதாகவே முடியும்.