மழைக்கால ஐயாயிரமும் மீதி ஒன்பது மாதமும்

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு தரும் மழைக்கால நிவாரணத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தொகையைச் சுற்றியே நடக்கிறது. பெற்றவர் நன்றி சொல்கிறார், எதிர்க்கட்சி போதாது என்கிறது, அத்தோடு மதிப்பீடு முடிந்துவிடுகிறது. 2021இல் பொறுப்பேற்ற அரசு அறிவித்த திட்டம் இது. உற்பத்தி நின்றுபோகும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். ஒரு தொழிலாளர் கொள்கை என்ற வகையில் இதன் கட்டமைப்பு எத்தகையது, எந்த முன்மாதிரியைப் பின்பற்றியது, எதைத் தொடாமல் விட்டது என்று பார்த்தால்தான் இதன் தகுதி தெரியும்.

சாதனையை முதலில் சொல்லிவிடலாம். இந்தக் கரையில் உப்பும் ஒரு பருவ விளைச்சல்தான். தை பிறந்ததும் பாத்திகளைச் செப்பனிட்டு மிதித்து இறுக்கி, தெப்பம் என்னும் தேக்கத்து நீரைப் பாய்ச்சி, வெயில் ஏற ஏற வாரத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை வந்து அந்த ஆண்டுக் கணக்கை மூடும்வரை வேலை உண்டு. மழை விழுந்தால் பாத்தி கரையும், கூலி நிற்கும். அந்த மூன்று மாதத்தை நெடுங்காலம் முன்பணமும் அடகுக்கடையுமே நடத்திவந்தன. ஐப்பசியில் வாங்கிய முன்பணத்தை மாசிக் கூலியில் கழிப்பார்கள். கழித்து முடியும்வரை வேறு அளத்துக்கு மாற முடியாது. வேலையில்லாக் காலத்தின் பட்டினி இப்படி வேலைக்காலத்தின் கட்டுத்தளையாகவும் மாறிக்கொண்டிருந்தது. அந்தக் காலம் தொழிலாளியின் சொந்தத் தலைவிதி அல்ல, அரசு பதில் சொல்லவேண்டிய ஒன்று என்று ஏற்றது கொள்கை அளவில் பெரிய நகர்வு. பணம் பெறப் பெயர் பதிவாக வேண்டும் என்பதால், எந்த ஏட்டிலும் இல்லாதிருந்த பலர் ஏதோ ஓர் ஏட்டில் ஏறினார்கள். இந்தப் பக்கவிளைவைத் திட்டத்தின் நேர்ப்பயனைவிட மேலாக மதிக்கிறேன்.

தொகை குறைவு என்பது உண்மை. 92 நாளுக்கு 5,000 என்றால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 54 ரூபாய். ஆனால் இதைத் தலையாய குறையாக வாசிப்பது மேலோட்டமானது. தொகையை இரட்டிப்பாக்கினாலும் திட்டத்தின் அடித்தளத்தில் இருக்கும் பிசகு அப்படியே நிற்கும்.

அந்தப் பிசகு முன்மாதிரியிலிருந்து வருகிறது. உப்பள நிவாரணத்தின் சாயல் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தினுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசு ஆணையிடுகிறது. போகாதே என்று சொன்னவர் பதிலுக்கு ஏதாவது தந்தாக வேண்டும். 5,000 ரூபாயாக இருந்து 8,000 ஆன அந்தத் தொகைக்குப் பின்னால் தெளிவான தர்க்கம் உண்டு. உப்பளத்தில் வேலையை நிறுத்துவது அரசு அல்ல. மழை அந்தத் தொழிலின் இயல்பிலேயே அடங்கியது, ஆண்டுதோறும் தவறாமல் வருவது. உப்பு விளைவிப்பவர் தம் செலவுக் கணக்கில் கரை உடைப்பையும் பாத்திச் சீரமைப்பையும் சேர்க்கிறார். மறு பருவத்துக்கு வேண்டிய ஆட்களை மழைக்காலத்தில் உயிரோடு வைத்திருக்கும் செலவு மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. அதை முன்பு தொழிலாளியே கடனாகச் சுமந்தார், இப்போது அரசுக் கருவூலம் ஒரு பகுதியைச் சுமக்கிறது. இடையில் இருக்கும் முதலாளி இரண்டு காலத்திலும் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறார். மீனவர் நிவாரணத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதன் தர்க்கத்தை விட்டுவிட்டார்கள்.

அலகைத் தேர்ந்ததும் பொருத்தமாக இல்லை. அளத்தில் கூலி ஆளுக்கு, நிவாரணம் குடும்பத்துக்கு. கணவன் வாருபலகை பிடிக்க, மனைவி அதே அளத்தில் தலைச்சுமையாக உப்பை அம்பாரத்துக்குக் கொண்டுபோகிறாள். இருவரும் தொழிலாளிகள், இருவருக்கும் மழையில் வேலை இல்லை. நிவாரண ஏட்டில் மட்டும் ஒருவர் மற்றவருக்குள் மறைந்துபோகிறார். ஏற்கெனவே குறைந்த கூலியில் வைக்கப்பட்டிருக்கும் பெண்ணை அரசும் தன் பங்குக்குக் குடும்ப அட்டையின் ஒரு வரியாகச் சுருக்குவது, திட்டம் உத்தேசித்த கண்ணியத்துக்கே முரண்.

வேறு முன்மாதிரி கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1948ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் பம்பாய், கல்கத்தா, சென்னை துறைமுகங்களில் செய்தது இதைத்தான்: தொழிலாளரைப் பதிவேட்டில் ஏற்றியது, சரக்கை ஏற்றி இறக்கும் நிறுவனங்களிடம் தீர்வை வாங்கியது, கப்பல் வராத நாளிலும் குறைந்தபட்ச ஊதியத்துக்கு வழிசெய்தது. மகாராஷ்டிரம் 1969இல் மத்தாடி சட்டத்தின் மூலம் அதைச் சுமைதூக்குவோருக்கு நீட்டியது. தமிழ்நாட்டிலேயே கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம், கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்ற தீர்வையில் ஓடுகிறது. அதன் கையிருப்பைப் பார்த்து மற்ற வாரியங்கள் ஏங்குகின்றன. இவை குறையற்றவை அல்ல. மத்தாடி வாரியங்களைப் பற்றிய முறைகேட்டுப் புகார்கள் பழையவை, நம் கட்டுமான வாரியத்தில் போலிப் பதிவுகள் பற்றிய பேச்சு ஓய்ந்ததில்லை. ஆனாலும் வேலை தருபவரிடமிருந்தே வேலையில்லா நாளுக்கும் பங்கு வாங்குவது என்ற கொள்கை அவற்றில் சிதையாமல் இருக்கிறது. உப்புக்கு வந்தபோது மட்டும் அந்தக் கொள்கை கைநழுவியது.

நழுவியதற்குச் செலவு காரணமாக முடியாது. மாவட்டத்தின் உற்பத்தி நல்ல ஆண்டில் 25 லட்சம் டன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. தொழிலாளர் எண்ணிக்கை மதிப்பீட்டுக்கு மதிப்பீடு மாறுகிறது. கணக்குக்காக 25,000 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 5,000 வீதம் 12.5 கோடி ரூபாய். உப்பின் மேல் பரப்பினால் டன்னுக்கு 50 ரூபாய், கிலோவுக்கு 5 பைசா. நிவாரணத்தை நான்கு மடங்காக்கி 20,000 ரூபாய் தந்தாலும் 20 பைசா. விளைச்சல் பாதியாகும் கெட்ட ஆண்டில் இது 40 பைசாவாகும். சமையலறையில் ஒருவரும் உணராத தொகை. அளத்து வாசல் விலையில் அது கணிசம் என்பதை மறுக்கவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. வேலை இல்லாத மூன்று மாதத்துக்குப் பதில் சொல்லும் திட்டம், வேலை இருக்கும் ஒன்பது மாதத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. ராஜம் கிருஷ்ணன் இந்தக் கரையில் தங்கிக் கள ஆய்வு செய்து எழுதிய ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வந்தது. அதன் மாந்தர் சில இடங்களில் ஆசிரியரின் வாதத்தைச் சுமக்கிறார்கள் என்ற விமரிசனம் நியாயமானதே. ஆனால் முறைமையில் அந்த நாவல் அரசுத் திட்டத்தைவிடக் கூர்மையானது. நாவல் ஒரு நாளை அலகாகக் கொள்கிறது, திட்டம் ஒரு பருவத்தை. வேலையின் கண்ணியம் நாளில்தான் தீர்மானமாகிறது: கால் புண்ணுக்கு என்ன காப்பு, உப்பு வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயிலுக்குக் கண்ணில் என்ன மறைப்பு, நிழல் எங்கே, கழிப்பறை உண்டா. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் அந்த வெயிலில் சிறுநீரகத்தை வட்டியாகக் கட்டுகிறார்கள். இதில் எதற்கும் டிசம்பர் மாதத்து ஐயாயிரம் மருந்தல்ல.

நாளின் கணக்கை எழுதும் ஏடும் தொழிலாளி கையில் இல்லை. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்பும் வெண்கலமும் 1915இல் அச்சான பட்டியலில் எண்ணிடப்பட்டு நிற்கின்றன. அதே மாவட்டத்தில் 30 ஆண்டு உப்பு சுமந்த ஒருத்தியால், எந்த அளத்தில் எத்தனை நாள் உழைத்தாள் என்பதற்குப் பெரும்பாலும் ஒரு துண்டுச்சீட்டும் காட்ட முடிவதில்லை. குறைந்தபட்சக் கூலி, போனஸ், வைப்புநிதி, விபத்து இழப்பீடு என்று எந்த உரிமையைக் கேட்டுப் போனாலும் முதல் கேள்வி வேலை செய்ததற்குச் சான்று என்ன என்பதுதான். வருகைப் பதிவு கணக்கப்பிள்ளையின் நோட்டில் இருக்கும்வரை மற்றச் சட்டங்கள் எல்லாம் அந்த நோட்டைத் தாண்டி வராது. இதே கடலில் முத்துக்குளிப்பு நடந்த நாளில், தொழிலாளர் நண்பன் என்று யாரும் சொல்ல முடியாத வெள்ளையர் அரசுகூடக் குளியாளின் பங்கைச் சிப்பியாகவே, பலர் பார்க்கக் கரையில் எண்ணிப் பிரித்தது. அந்த ஏற்பாட்டைப் புகழ வேண்டியதில்லை. அளவு கண்முன்னே நடந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

அரசும் முதலாளியும் ஒருபுறம் இருக்க, சமூகத்தின் பங்கை எடைபோட 1908க்குப் போகாமல் முடியாது. தூத்துக்குடியின் கோரல் மில் பஞ்சாலைத் தொழிலாளர் பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தம் தொடங்கியபோது தொழிற்சங்கச் சட்டம் பிறக்க இன்னும் 18 ஆண்டு இருந்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள் என்பது பாடநூல் சொல்லும் பாதி. மீதி, ஊர் செய்தது. வேலைநிறுத்தக்காரர் அடுப்பு அணையாமல் நகரத்தார் பார்த்துக்கொண்டார்கள். ஆலைக்குப் பரிந்து பேசியவருக்குச் சவரம் செய்ய நாவிதர் மறுத்தார். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வுக்கும் வேலைநேரக் குறைப்புக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் ஒப்புக்கொண்டது. சாதனை ஐயத்துக்கு இடமில்லாதது. அதன் குறையும் வெளிப்படையானது: அந்த வலிமை தலைவர்களோடு கட்டுண்டிருந்தது, ஏட்டில் ஏறவில்லை. மார்ச் 12இல் அவர்கள் கைதானதும் நகரம் பொங்கியது, ஆனால் வென்றதைக் காக்கும் அமைப்பு என்று எதுவும் மிஞ்சவில்லை.

இன்று நிலை தலைகீழ். சங்கங்கள் உண்டு, உப்பு உற்பத்தியாளர்களோடு கூலிக்கும் போனசுக்கும் பேச்சுவார்த்தை உண்டு, தொழிலாளர் துறை அதிகாரி முன் கையெழுத்தாகும் ஒப்பந்தம் உண்டு. சங்கங்கள் நடத்தும் இந்தப் பேரத்தைக் குறைத்து மதிப்பது அநியாயம். இந்தத் தொழிலில் கூலி ஏறியிருக்கிறது என்றால் முதல் காரணம் அதுதான். ஆனால் பேரம் சங்கம் உள்ள பெரிய அளங்களின் அளவுக்கே எட்டுகிறது. பத்து ஏக்கர் அளத்தில் ஏழெட்டுப் பேர், கண்ட்ராக்டுக்கு வாரும் குழு, வாகனத்தில் ஏற்றும் குழு என்று சிதறிய வேலைக்கு அது போய்ச் சேர்வது அருமை. இந்த இடத்தில்தான் ஊர் வேண்டும், ஊர் இல்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் அதன் 17ஆம் பிரிவில் வேலைத்தளக் கணக்கைக் கிராம சபை தணிக்கை செய்யச் சொன்னது. நூறுநாள் வேலையில் யார் வந்தார், யார் வரவில்லை என்று சபையில் வாக்குவாதம் செய்யத் தெரிந்த அதே ஊர், பக்கத்து அளத்தின் வருகை நோட்டைப் பற்றி ஒரு சொல் கேட்பதில்லை. தனியார் இடம் என்ற தயக்கம் ஒரு காரணம். அளக்காரரும் கங்காணியும் அதே ஊர், அதே சாதி, அதே கோயில் வரிக்காரர் என்பது பெரிய காரணம்.

மத்திய அரசு 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் என்று வாக்களிக்கின்றன. சொல்லில் இது மேலே கேட்ட சான்றுக்கு நேரான பதில். பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களையே அணைக்கிறது என்ற வரம்பில் அந்தப் பதில் கரைகிறது. மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தைத் துல்லியமாக விட்டுவிடும் வரைவுத் திறன் வியக்கத்தக்கது.

என் தீர்ப்பு: நிவாரணமாக இத்திட்டம் தேறுகிறது, தொடர வேண்டும். தொழிலாளர் கொள்கையாகத் தேறவில்லை. கடமை யாருடையது என்ற கேள்வியை அது எழுப்பவே இல்லை. ஆகவே பதிவேடும் தீர்வையும் அதற்குள் வர இடமில்லாமல் போயிற்று.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் உற்பத்தியாளர் தரப்பினுடையது. குஜராத் உப்பு கப்பலேறி இங்கேயே வந்து இறங்கும் காலத்தில் தூத்துக்குடி உப்பின் மேல் மட்டும் டன்னுக்கு 50 ரூபாய் ஏற்றினால் சிறு அளக்காரர் மூழ்குவார், அவரோடு வேலையும் போகும். இதை ஒதுக்க முடியாது. மாநிலத் தீர்வை தனியே நின்றால் அது நடக்கவும் கூடும். ஆனால் உப்பின் மேல் நாடு முழுவதற்கும் ஒரே தீர்வை என்பது புதிய கற்பனை அல்ல. 1953ஆம் ஆண்டின் உப்புத் தீர்வைச் சட்டம் அதைத்தான் செய்தது. தொழிலாளர் நலனும் அதன் நோக்கங்களில் ஒன்று. வசூல் அற்பமாக இருந்ததாலேயே பின்னர் அது கைவிடப்பட்டது. குஜராத்தின் சிறு கட்ச் ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகாரியாக்களுக்கும் மழைக்காலம் உண்டு என்பதால், அதை உரிய அளவில் மீட்டால் தூத்துக்குடியின் போட்டிப் பயமும் தீரும்.

அதுவரை மாநிலம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அரசு நிலத்தில் குத்தகைக்கு நடக்கும் அளங்களில், குத்தகை புதுப்பிக்கும்போது வருகைச் சீட்டு, கழிப்பறை, நிழற்கூரை ஆகியவற்றை நிபந்தனையாக்கச் சட்டத்திருத்தம் எதுவும் வேண்டாம். இன்னும் நேரான இடம் ஒன்று இருக்கிறது. 1974 முதல் இயங்கும் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மூலம் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் இந்த அரசே உப்பு விளைவிக்கிறது, ‘நெய்தல்’ என்ற பெயரிட்டு விற்கவும் செய்கிறது. மழைக்கால ஊதியத்தை உப்பின் விலையிலிருந்தே தருவது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதை அங்கே ஒரே பருவத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம். எந்தச் சங்கத்தோடும் எந்த உற்பத்தியாளரோடும் அதற்குப் பேரம் பேச வேண்டியதில்லை.