நுங்கும் கிழங்கும்: புறப்பாட்டொன்றில் படையும் உணவும்

சோழன் நலங்கிள்ளி இறந்தபின் ஆலத்தூர் கிழார் பாடிய கையறுநிலை, புறநானூற்றின் 225-ஆம் பாட்டாக அமைந்துள்ளது. அவன் படை செல்லும் வழியில் முன்செல்வோர் பனையின் நுங்கை உண்பர்; இடைச்செல்வோர் பழத்தை உண்பர்; கடைச்செல்வோர் கிழங்கைச் சுட்டு உண்பர். படை ஓரிடத்தைக் கடந்து முடிவதற்குள் நுங்குக் காலம் போய்க் கிழங்குக் காலம் வந்துவிடுகிறது. இதனைப் படைப்பெருமை கூறும் உயர்வு நவிற்சியாகக் கொள்வது பொருந்துவதே. எனினும் அப்பெருமையைப் புலவர் உணவால் அளந்தது ஏன் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

விரைந்து செல்லும் படைக்கு உணவு இருவழியில் வரும். பின்னிருந்து வண்டிகளிற் கொணர்வது ஒன்று. செல்லும் நிலத்திற் கொள்வது மற்றொன்று. நடை விரையுந்தோறும் வண்டிகள் பின்தங்கும். வழி நீளுந்தோறும் அதனைக் காக்கும் வீரர் மிகுதியாக வேண்டப்படுவர். அப்போது படை நிலத்தையே நம்பும். முன்னோர் உண்ட இடத்தில் பின்னோர் பசித்திருப்பர்.

இதற்கு நெப்போலியனின் உருசியப் படையெடுப்பு தக்க சான்றாகும். 1812 சூன் 24-இல் நீமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கிய அவன், பண்டகசாலைகளையும் வண்டிப் படைகளையும் முன்னரே அமைத்திருந்தான். ஆயினும் பளுமிக்க வண்டிகள் மழைச்சேற்றிற் சிக்கின. பசும்பயிரைத் தின்ற குதிரைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. செப்டம்பர் 14-இல் மாஸ்கோவை அடைந்தும் அங்கு நிலைக்க இயலாது அக்டோபர் 19-இல் வெளியேறினான். தென்பால் வளம் அழியாத நிலத்தின் வழியே செல்ல எண்ணிய அவனை, அக்டோபர் 24-இல் நிகழ்ந்த மலோயரோஸ்லாவெட்ஸ் போர் வந்த வழிக்கே திருப்பியது. அவ்வழியோ வரும்போதே உண்டு தீர்க்கப்பட்டது. ஸ்மோலென்ஸ்க் நகரின் கிடங்குகளில் முன்வந்தோர் உணவு பெற்றனர். பின்வந்தோர்க்கு எஞ்சியது சிறிதே. கடுங்குளிர் தொடங்குமுன்னரே படையின் பெரும்பகுதி அழிந்திருந்தது.

இனிப் பாட்டினை நோக்குவாம். மூன்று உணவும் பனை ஒன்றன் வழி வந்தவை. நுங்கு முற்றும் வெட்டப்படின் பழம் இல்லை; பழத்தின் கொட்டை மண்ணிற் புதைந்தாலன்றிக் கிழங்கு இல்லை. ஆகவே முன்னோர் விட்டது இடையோர்க்குப் பழமாயிற்று. இடையோர் எறிந்தது கடையோர்க்குக் கிழங்காயிற்று. நெப்போலியன் சென்ற வழி வெறுமையாக, நலங்கிள்ளி சென்ற வழி விளைந்துகொண்டே இருக்கிறது. இது வரலாற்றுப் படைகள் பெறாத பேறு. இப்பாட்டைக் கொண்டு சங்ககாலப் படையின் உணவு ஏற்பாட்டை நிறுவ முயல்வோர் இதனை மறத்தல் ஆகாது.

ஆயினும் புலவர் உண்மையை முற்றும் மறைத்தாரல்லர். இனிய நுங்கில் தொடங்கிய உணவு, நாரோடு கூடிய கிழங்கில் முடிகிறது. வீரன் பின்னே செல்லச் செல்ல அவன் உணவும் தாழ்கிறது. படையின் பெருமையை அதன் தலையில் மட்டும் காணாது, கடையில் நிற்போன் உண்பது யாதென்றும் நோக்கிய நுண்மையே இப்பாட்டின் சிறப்பு என்பது எம் துணிபு.