விளக்கின் குறையா, பார்வையின் குறையா?

நல்ல விளக்குகள் இல்லாத இடத்தில் நல்ல முகப்படம் பிறக்காது என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் பழைய பிலிம் கமராக்களைத் தேடியெடுத்துப் பழகும் என் மாணவர்களும் இதையே சொல்கின்றனர். "ஒரு விளக்குத்தான் இருக்குது, சேர். அதை வைச்சு என்ன செய்யலாம்?" என்று கேட்கின்றனர். இக்கேள்விக்குத் தொழில்நுட்பம் ஒரு விடை சொல்லும். கலையின் வரலாறு இன்னொரு விடை சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

எங்கள் வீட்டுச் சுவரில் பாட்டனாரின் படமொன்று தொங்குகிறது. 1957 இல் பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தைக் கையளித்துச் செல்லும்வரை, அதன் தளத்தில் உடலுழைப்புச் செய்தவர் அவர். படத்தில் அவருடைய வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன, பொத்தான்களை எண்ணலாம். முகமோ கரிய திட்டாகக் கிடக்கிறது. கண்கள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. விளக்குப் போதாமையா இதற்குக் காரணம்? மடிப்பைக் காட்டப் போதிய ஒளி அங்கே இருந்ததே! படம் பிடித்தவர் சட்டைக்கு ஒளியை அளந்தார். அதை அணிந்திருந்த மனிதனுக்கு அளக்கவில்லை.

பிலிமின் இயல்பை அறிந்தவர்க்கு இது புரியும். போதிய ஒளி படாத இடத்தில் நெகட்டிவில் எதுவும் பதிவதில்லை. பதியாததை இருட்டறையில் எத்தனை முயன்றாலும் மீட்க முடியாது. ஒளி சற்று மிகுந்த இடத்தையோ அச்சிடும்போது ஓரளவு அடக்கிவிடலாம். எனவே, கரிய மேனியரைப் படம் பிடிப்பவர் முகத்தின் நிழற்பக்கத்தை அளந்து, அந்த அளவிலிருந்து ஒரு படி மட்டும் குறைத்துக் கொடுத்தால் போதும். 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளைப் பிலிம், நேர்வெயில் விழாத ஒரு சாளரம், எதிர்ப்பக்கத்தில் ஒளியைத் திருப்பியனுப்ப விரித்துப் பிடித்த ஒரு வெள்ளை வேட்டி: இவற்றைக் கொண்டே முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் பதிக்கலாம். சட்டை சிறிது வெளிறிப் போகட்டுமே! அதனால் யாருக்கு நட்டம்?

விளக்கே இல்லாமல் முகங்களைப் பதித்தவர்களில் தலைசிறந்தவர் ஜூலியா மார்கரெட் கமறன். இங்கிலாந்தின் வைட் தீவில், கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடொன்றே அவருடைய படப்பிடிப்பறையாயிற்று. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. ஈரம் உலராத கண்ணாடித் தகட்டின்முன், அமர்ந்திருப்பவர் சில நிமிடங்கள்கூட அசையாதிருக்க வேண்டியிருந்தது. வானொளியைக் கொண்டுதான் விஞ்ஞானி ஹெர்ஷலின் முகம் 1867 இலும், டார்வினின் முகம் 1868 இலும் பதிந்தன.

அதே அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்தார். கோல்புறூக் - கமறன் ஆணைக்குழுவில் இடம்பெற்ற சார்ல்ஸ் ஹே கமறன்தான் அவருடைய கணவர். அக்குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879 இல் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கே அவர் எடுத்த படங்களில் தப்பியிருப்பவை சிலவே. அவற்றில் தமிழரும் சிங்களவருமான உழைப்பாளிகள் இருக்கின்றனர். அக்காலத் தகடு செந்நிறத்தையும் பழுப்பு நிறத்தையும் நன்கு உணராதது. கரிய மேனியை மேலும் கருமையாக்கிவிடும். ஆயினும் அம்முகங்கள் இருளில் மூழ்கவில்லை. அவரது கலைத்திறனை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் தலைப்புகளைப் பாருங்கள். அங்கே 'டார்வின்', 'ஹெர்ஷல்'. இங்கே 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்'! சூரியன் ஒன்றுதான், எடுத்த கையும் ஒன்றுதான். தன் வட்டத்தாரைப் பெயரோடு கண்ட பார்வை, தோட்டத்து மாந்தரைக் கூட்டமாகவும் வகையாகவுமே கண்டது. ஒளி கிடைத்தவருக்குப் பெயர் கிடைக்கவில்லை. இக்குறையை எந்த விளக்கைக் கொண்டு நீக்க முடியும்?

மாறான உதாரணமும் நம் அயலிலேயே உண்டு. சத்யஜித் ராய் 'அபராஜிதோ' (1956) எடுத்தபோது, மழைக்கு அஞ்சிக் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள்ளேயே அமைக்க நேர்ந்தது. இருபத்தாறு வயதுகூட நிரம்பாத ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, அரங்கின் மேலே வெள்ளைத் துணியை வானம்போல் கட்டினார். விளக்குகளைக் கீழிருந்து அத்துணிமீது பாய்ச்சி, திரும்பி வந்த மென்மையான ஒளியையே நடிகர்மேல் விழச் செய்தார். ஏழைத் தாய் சர்வஜயாவின் முகத்தில் நாம் காண்பது அந்த முற்றத்து ஒளி. அவ்வீட்டார் எந்த ஒளியில் வாழ்ந்தனர் என்று முதலில் கேட்டவருக்கே அந்தத் துணி கைகொடுத்தது.

இதையெல்லாம் வெறும் அழகியல் வாதம் என்று எண்ணுவோர் எங்கள் ஊர்த் தெருக்களுக்கு வந்து பார்க்கட்டும். வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தொடர் போராட்டங்களில் பிள்ளைகளின் படங்களை ஏந்தி நின்றிருக்கின்றனர். அவற்றுள் பல, அடையாள அட்டைக்கென அவசரமாக எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்தவை. பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் கலைகிறது. தன் மகன் இவன்தான் என்று உலகுக்குக் காட்ட அத்தாயிடம் இருப்பது அந்தக் கலைந்த முகம் ஒன்றே.

ஆகவே என் மாணவருக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு விளக்கும் இல்லையென்றால் சாளரத்தைத் திறவுங்கள். வலை பின்னும் பெரியவரையும் மீன் விற்கும் அம்மாவையும் அவர்கள் சம்மதத்தோடு அமர்த்துங்கள். சட்டையை விட்டு முகத்துக்கு ஒளியை அளவுங்கள். படத்தின் பின்புறம் அவர்களுடைய பெயரை எழுதுங்கள். ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். அதற்குப் பிறகு விளக்கு வாங்குவதைப் பற்றிப் பேசுவோம்.